வார இதழ்த் தொடரை நூலாக்க: கடிதம் முதல் ராயல்டி வரை

ஒரு வார இதழில் ஐம்பது வாரம் தொடர் எழுதினேன். கடைசி அத்தியாயம் வந்த கையோடு நூலாக்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். நூல் கைக்கு வர இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் ஆயின. அதில் எழுத்து வேலை ஆறு மாதம்கூட இல்லை. மீதிக் காலமெல்லாம் கடிதத்துக்கும் பதிப்பகத்துக்கும் காத்திருந்ததிலும், முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்ததிலும் போயிற்று.

இதழில் எழுதுகிற இளைஞர்கள் இதே சிக்கலோடு என்னிடம் வரும்போதெல்லாம் மனசு பதறுகிறது. இதழ் ஒரு வாரம் கடையில் தொங்கும், அப்புறம் எடைக்குப் போய்விடும். ஊர் ஊராக அலைந்து, ஆட்களைத் தேடிப் பிடித்து எழுதியது அதோடு போய்விடக்கூடாது. நூலாகிவிட்டால் நூலகத்தில் இருக்கும், யாராவது தேடி எடுப்பார்கள். கீழே இருப்பது இந்தியச் சட்டத்தையும் தமிழ்ப் பதிப்பு நடைமுறையையும் வைத்துச் சொல்வது. வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

1. எழுத்து யாருக்குச் சொந்தம் என்று முதலில் பாருங்கள்

எல்லாரும் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். இதனாலேயே பல மாதம் போயிற்று.

“சம்பளம் கொடுத்தார்கள், அதனால் எழுதியதெல்லாம் அவர்களுடையது” என்று நிறைய நிருபர்கள் நம்புகிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், அப்படிச் சொல்லவில்லை. நாளிதழிலோ வார, மாத இதழிலோ வேலை பார்ப்பவர் அந்த வேலைக்காக எழுதியதை இதழில் வெளியிடும் உரிமை மட்டுமே இதழ் உரிமையாளருக்கு. மற்ற எல்லாவற்றுக்கும் எழுதியவரே முதல் உரிமையாளர். நூலாக்கும் உரிமை இந்த ‘மற்ற’தில் வருகிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. இதற்கு மாறாக ஒப்பந்தம் எதுவும் இருக்கக்கூடாது.

அதனால் முதல் வேலை, உங்கள் பணி நியமனக் கடிதத்தைத் தேடி எடுப்பது. சேர்ந்த அன்று அவசரத்தில் கையெழுத்துப் போட்டிருப்போம். நான்கு பக்கம் இருந்தால் நான்கையும் வரிவரியாகப் படியுங்கள். “பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்துப் படைப்புகளின் முழு உரிமையும் நிறுவனத்துக்கே” என்ற பொருளில் ஒரு வரி இருந்தாலும் கதை மாறிவிடும். அப்போது நிறுவனம் எழுத்தில் அனுமதி கொடுத்தால்தான் நூலாக்க முடியும்.

வெளியிலிருந்து எழுதுபவர்களுக்கு நிலைமை இன்னும் நல்லது. எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்காமல் பதிப்புரிமை யாருக்கும் மாறாது. வாய்ப்பேச்சில் மாறாது, பணம் வாங்கிக்கொண்டதாலும் மாறாது. இங்கே உள்ள பொறி, சன்மானம் வாங்கும்போது கையெழுத்திடும் ரசீது. என் பையில் இன்னும் ஒன்று இருக்கிறது. உள்ளங்கை அளவு மஞ்சள் தாள். தொகை, தேதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டும் கட்டம். அதற்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி: படைப்பின் அனைத்து உரிமைகளையும் ஒப்படைக்கிறேன். மூன்று ஆண்டு அதைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இனி வாங்கும் ரசீதில் அப்படி இருந்தால், அந்த வரியை அடித்துவிட்டு “இதழில் ஒருமுறை வெளியிடும் உரிமை மட்டும்” என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பெரும்பாலும் கணக்குப் பிரிவில் யாரும் மறுப்பதில்லை. மறுத்தால் ஆசிரியரிடம் பேசிவிட்டு வாங்குங்கள்.

இணையதளத்துக்கென்றே எழுதிய கட்டுரைகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 17ஆம் பிரிவின் அந்தச் சலுகை நாளிதழையும் பருவ இதழையும்தான் சொல்கிறது. இணையத்தில் மட்டும் வந்தவற்றுக்குத் தனியாக எழுதி வாங்குவதே பாதுகாப்பு.

2. ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்குங்கள்

சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் கடிதம் வேண்டும். பதிப்பகம் கேட்கும். நாளைக்கு ஏதாவது தகராறு வந்தால் கையில் தாள் இருக்க வேண்டும். அதோடு, அந்த இதழில் நீங்கள் தொடர்ந்து எழுதப் போகிறவர். சொல்லாமல் செய்து மனக்கசப்பை வளர்க்க வேண்டாம்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது முக்கியம். நான் முதலில் வாங்கியதில் “நூலாக வெளியிட ஆட்சேபணை இல்லை” என்று மட்டும் இருந்தது. மின்னூல் போடலாம் என்று போனபோது, அது நூலில் அடங்குமா என்ற கேள்வி வந்தது. மறுபடி கடிதம் கேட்டேன். அதற்குள் ஆசிரியர் மாறிவிட்டார். புதியவருக்கு எதுவும் தெரியாது. நான்கு மாதம் போயிற்று. ஆகவே முதல் தடவையே இப்படிக் கேளுங்கள்:

“தங்கள் இதழில் இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை இந்தத் தலைப்பில் நான் எழுதிய 50 அத்தியாயங்களையும் அச்சு நூல், மின்னூல், ஒலிநூல் ஆகிய வடிவங்களில், தமிழிலும் பிற மொழிகளிலும் வெளியிடத் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்பதை எழுத்தில் உறுதிசெய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலில் தங்கள் இதழில் வெளிவந்தவை என்ற குறிப்பு நூலில் இடம்பெறும்.”

தலைப்பு இதழ்க்காரர்கள் வைத்ததாக இருந்தால், அதையே நூலுக்கும் வைத்துக்கொள்ளலாமா என்பதையும் ஒரு வரி சேர்த்துக் கேட்டுவிடுங்கள். பதில் இதழின் லெட்டர்ஹெட்டில், தேதியோடும் கையெழுத்தோடும் வர வேண்டும். கையெழுத்துப் போடுபவர் நிர்வாகத்தின் சார்பில் போடும் அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். ஆசிரியர் உங்கள் மேல் பிரியம் உள்ளவராகவே இருக்கட்டும், “தாராளமா போட்டுக்கோங்க” என்று தொலைபேசியில் சொன்னது அவர் வேலையை விட்டதும் செல்லாக்காசு.

எப்போது கேட்பது? தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள். நாற்பதாவது வாரம் நல்ல நேரம். வாசகர் கடிதம் வந்துகொண்டிருக்கும், உங்கள் பெயர் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். முடிந்து ஓராண்டு கழித்துப் போனால் எந்தத் தொடர் என்று கேட்பார்கள். செலவு எதுவும் இல்லை. ஒன்று முதல் மூன்று மாதம் ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதழ்க் குழுமத்துக்குச் சொந்தப் பதிப்பகம் இருந்தால், நூலை அவர்களே போட விரும்பக்கூடும். அதையும் நேராகக் கேட்டு முடிவு தெரிந்துகொண்ட பிறகே வெளியே போங்கள்.

3. பிரதியை ஒரே கோப்பாகச் சேருங்கள்

நூலுக்கு அடிப்படையாக எதை எடுப்பது, நீங்கள் அனுப்பிய மூலத்தையா, அச்சில் வந்ததையா? மூலத்தை எடுங்கள் என்பதே என் முடிவு. பக்கத்துக்குள் அடக்குவதற்காக வெட்டப்பட்ட பத்திகள் மூலத்தில் இருக்கும். ஆனால் அச்சில் வந்ததைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். உதவி ஆசிரியர் திருத்திய பெயர்ப் பிழையும் ஆண்டுப் பிழையும் அதில்தான் இருக்கும். அடுத்தடுத்த வாரங்களில் வந்த திருத்தக் குறிப்புகளையும், தகவல் தவறு என்று வந்த வாசகர் கடிதங்களையும் விடாமல் சேருங்கள். அச்சில் ஒருமுறை சுட்டிக்காட்டப்பட்ட தவறு நூலிலும் அப்படியே வந்தால் அதற்குச் சமாதானமே சொல்ல முடியாது.

அடுத்த தலைவலி எழுத்துரு. பழைய கோப்புகள், எல்லாக் கணினியும் படிக்கிற யூனிகோடு முறையில் இருக்காது. பாமினி, வானவில், ஸ்ரீலிபி, டாம், டாப் என்று ஏதாவது ஒன்றில் இருக்கும். இணையத்தில் இலவச மாற்றிகள் கிடைக்கின்றன, மாற்றிவிடலாம். மாற்றிய பிறகு கண்ணை நம்பாதீர்கள். என் பிரதியில் ‘ஔவை’ என்பது ‘ஒ’வும் ‘ள’வும் சேர்ந்து ‘ஒளவை’ ஆகியிருந்தது. பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கும், தேடினால் அகப்படாது. கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ இருந்தது, ‘ர’ இருக்க வேண்டிய இடத்தில் கால் இருந்தது. ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. நடுவில் ஆங்கிலத்தில் அடித்திருந்த சொற்கள் அர்த்தமில்லாத தமிழாக மாறியிருந்தன. ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் பெரும்பாலும் எழுத்துப் பிழை இருக்கும்.

கோப்பே இல்லை, இதழ் மட்டும் இருக்கிறது என்றால், பக்கத்தைப் படமெடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றிக் கொடுக்கும். தமிழுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு எச்சரிக்கை: இதழ்ப் பக்கம் மேலிருந்து கீழாக இரண்டு மூன்று பத்தியாகப் பிரிந்திருக்கும். முழுப் பக்கத்தையும் ஏற்றினால் இந்தப் பத்தியின் வரியும் அடுத்த பத்தியின் வரியும் கலந்துவிடலாம். பத்தி பத்தியாக வெட்டி ஏற்றுங்கள். இதழும் கையில் இல்லையென்றால் இதழ் அலுவலகக் கோப்பு அறையிலோ, சென்னை கன்னிமாரா நூலகத்திலோ, தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள்.

ஆளை வைத்துத் தட்டச்சு செய்தால் எனக்குப் பக்கத்துக்கு 25 ரூபாய் ஆனது. மாற்றியில் போட்டுத் திருத்தினால் பணம் மிச்சம், ஆனால் மாலை வேளைகள் ஒரு மாதத்துக்குப் போய்விடும்.

4. படம், மேற்கோள், பேட்டி கொடுத்தவர்கள்

கட்டுரை உங்களுடையது என்பதால் அதோடு வந்த படமும் உங்களுடையது ஆகிவிடாது. சம்பளத்தில் இருக்கும் புகைப்படக்காரர் எடுத்த படத்துக்கும் மேலே சொன்ன 17ஆம் பிரிவுதான். நூலில் போடும் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுத்தவருக்கே. வெளி ஆளிடம் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது எடுக்கச் சொன்னவருக்குச் சொந்தம், அதாவது இதழுக்கு. ஓவியம் என்றால் ஓவியர், இதழ் இருவரையும் கேட்டுவிடுங்கள். எனக்கு எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கவே ஒரு வாரம் ஆனது. கடைசியில் எட்டுப் படம் போதும் என்று முடிவுசெய்து, அந்த எட்டுக்கு மட்டும் எடுத்தவர், இதழ் இருவரிடமும் எழுதி வாங்கினேன். நீங்களும் படத்தைக் குறையுங்கள். எடுத்தவர் பெயரைப் படத்துக்குக் கீழேயே போடுங்கள்.

சினிமாப் பாட்டு வரி, அண்மைக் காலக் கவிதை, யாரோ எழுதிய தனிக் கடிதம், இவற்றை நீளமாக எடுத்துப் போட்டிருந்தால் அனுமதி தேவைப்படும். பாரதியார் பாட்டுக்கும், தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய மற்றவர்களின் எழுத்துக்கும் அந்தக் கவலை இல்லை. பொதுவாகப் பதிப்புரிமை எழுதியவரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்து 60 ஆண்டு வரையும் நீடிக்கும்.

பேட்டி கொடுத்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். வார இதழில் வருவதற்கு ஒப்புக்கொண்ட ஒரு அம்மா, தன் குடும்பக் கதை நூலில் என்றைக்கும் இருக்கப் போகிறது என்று நினைத்திருக்க மாட்டார். என் தொடரில் இரண்டு பேர் பெயரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். ஒருவர் தன் அத்தியாயமே வேண்டாம் என்றார், எடுத்துவிட்டேன். குற்றச்சாட்டு உள்ள அத்தியாயங்களில், வழக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று பார்க்காமல் விடாதீர்கள். கைது என்று எழுதிய ஆள் பின்னால் விடுதலை ஆகியிருக்கலாம். அதைச் சொல்லாமல் பழையபடியே போட்டால் அவதூறு வழக்குக்கு நீங்களே வாசலைத் திறந்து வைத்ததுபோல் ஆகும்.

5. தொடரின் கட்டை அவிழ்த்து நூலாகக் கட்டுங்கள்

வாராவாரம் படிப்பவருக்காக எழுதியதை ஒரே மூச்சில் படித்தால் அலுக்கும். “சென்ற வாரம் பார்த்தோம் அல்லவா”, “கடந்த மாதம்”, “இப்போதைய ஆட்சியர்” எல்லாம் போக வேண்டும். தேதியைத் தேதியாக எழுதுங்கள். ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் வருகிற நினைவூட்டல் பத்தியையும், கடைசியில் அடுத்த வாரத்துக்கு இழுக்கிற வரியையும் வெட்டுங்கள். ஒரே ஆளை நான்கு இடத்தில் அறிமுகம் செய்திருப்பீர்கள், ஒன்றை மட்டும் வையுங்கள். எனக்கு 50 அத்தியாயம் 38 ஆயிற்று. வெட்டியதில் ஒன்றுக்குக்கூட நான் இன்று வருந்தவில்லை.

பக்கக் கணக்கை இப்போதே போடுங்கள். அத்தியாயத்துக்கு 900 சொல், 50 அத்தியாயம் என்றால் 45,000 சொல். டெமி என்று அச்சகத்தில் சொல்லும் நூல் அளவில் பக்கத்துக்கு சுமார் 250 சொல் பிடிக்கும், ஆக 180 பக்கம். முன்பக்கங்களுக்கு 12 சேர்த்தால் 192. அச்சகத்தில் ஃபாரம் கணக்கில் பேசுவார்கள், 16 பக்கம் ஒரு ஃபாரம். 192 என்பது சரியாக 12 ஃபாரம். 195 பக்கம் வந்தால், அந்த மூன்று பக்கத்துக்காகக் கூடுதல் தாளுக்குப் பணம் கொடுப்பீர்கள். ஆகவே பக்கத்தைக் குறைக்கிற வேலையை லேஅவுட்டுக்கு, அதாவது பக்க வடிவமைப்புக்கு, முன்பே முடியுங்கள்.

மெய்ப்பு பார்க்க, அதாவது பிழை திருத்த, வெளி ஆளை வையுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. இரண்டு சுற்றுக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

6. பதிப்பகத்தை எப்போது, எப்படி அணுகுவது

தமிழ்ப் பதிப்புலகின் காலண்டர் சென்னைப் புத்தகக் காட்சியைச் சுற்றி ஓடுகிறது. பொங்கலை ஒட்டி பபாசி, அதாவது தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம், நடத்துவது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதிப்பகங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. நவம்பரில் பிரதி அனுப்பிவிட்டு பதில் வரவில்லையே என்று நான் உட்கார்ந்திருந்தேன். காட்சி முடிந்து, கணக்கு முடிந்து, பிப்ரவரி, மார்ச்சில் கொடுங்கள். ஜூன், ஜூலைக்குள் ஒப்பந்தம் ஆனால் அடுத்த ஜனவரிக்கு நூல் வரும்.

முழுப் பிரதியையும் எடுத்தவுடன் அனுப்ப வேண்டாம். இரண்டு பக்கக் குறிப்பு, அத்தியாயப் பட்டியல், சிறந்த மூன்று அத்தியாயம், இதழின் கடித நகல், இது போதும். குறிப்பில் உங்களைப் பற்றி நான்கு வரி, தொடருக்கு வந்த வரவேற்பு பற்றி நான்கு வரி, இந்த நூலை யார் வாங்குவார்கள் என்று நான்கு வரி. அந்தப் பதிப்பகம் இதுவரை என்ன மாதிரி நூல்கள் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். கட்டுரை நூலே போடாதவரிடம் போய் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஆறு வாரம் பார்த்துவிட்டு ஒருமுறை விசாரியுங்கள், அப்புறம் அடுத்த இடம்.

“நாங்கள் போடுகிறோம், 300 பிரதியை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்” என்று யாராவது சொன்னால், அது உங்கள் பணத்தில் வருகிற நூல். அப்படி வேண்டுமென்றால் நேராக சொந்தப் பதிப்பாகவே போடலாம், உரிமையாவது உங்களிடம் இருக்கும்.

7. ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன்னால் படியுங்கள்

எனக்கு நேர்ந்தது இது. முதலில் ஒப்புக்கொண்ட பதிப்பகம் ஒன்று ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பதினான்கு மாதம் பிரதியை அப்படியே வைத்திருந்தது. வேறு இடம் போகலாமா, அவர்கள் வழக்குப் போடுவார்களா என்று பயந்து நான் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு வழக்கறிஞர் நண்பர் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். உரிமையை எழுதி வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதி ஆகிவிடும். ஒரு பதிவுத் தபால் அனுப்பினேன், பிரதி திரும்பி வந்தது.

அதே பிரிவில் இன்னும் இரண்டு செய்தி உண்டு. எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஒப்பந்தத்தில் படைப்பின் பெயர், கொடுக்கும் உரிமை, காலம், எல்லை, ராயல்டி (விற்பனையில் எழுதியவருக்கு வரும் பங்கு) எல்லாம் குறிப்பிடப்பட வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. இவற்றை நீங்கள் கேட்டால் பதிப்பாளரைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று அர்த்தமில்லை.

நான் இப்போது வற்புறுத்துவது இவை. அச்சு உரிமை மட்டும், மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் என்னிடமே. ராயல்டி நூலின் விலையில் இத்தனை சதவீதம் என்று தெளிவாக இருக்க வேண்டும். தமிழில் பத்து சதவீதம் என்பது பரவலான வழக்கம். “நிகர வரவில்” என்று போட்டிருந்தால் அந்த நிகரம் எது என்று கேளுங்கள். விற்பனையாளருக்குப் போகும் கழிவு பெரியது, அதைக் கழித்த பிறகு வருகிற பத்து சதவீதம் வேறு, விலையில் பத்து சதவீதம் வேறு. எத்தனை பிரதி அச்சிடுகிறார்கள், ஆண்டுக்கு எந்த மாதம் கணக்குக் கொடுப்பார்கள், நூலக ஆணைக்கு (அரசு நூலகங்கள் வாங்குவதற்கு) போகும் பிரதிகளுக்கும் ராயல்டி உண்டா, எழுதியவருக்கு இலவசமாகத் தரும் பிரதி எத்தனை, பிரதிகள் தீர்ந்து எத்தனை மாதத்தில் மறுபதிப்பு போடாவிட்டால் உரிமை திரும்பும், இவையும் எழுத்தில் வேண்டும். இரண்டு பிரதி எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

8. ஐ.எஸ்.பி.என். எண்

இது நூலுக்கான சர்வதேச அடையாள எண். பதிப்பகம் போடுகிறது என்றால் எண்ணை அவர்களே வாங்குவார்கள். சொந்தப் பதிப்பு என்றால் நீங்களே வாங்கலாம், தனிநபருக்கும் கொடுக்கிறார்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் கிடையாது. இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அடையாளச் சான்று, நூலின் தலைப்புப் பக்கம், அட்டை ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். லேஅவுட் நடக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள், மூன்று நான்கு வாரம் கைவசம் இருக்கட்டும். சாதா அட்டைக்கு ஓர் எண், கெட்டி அட்டைக்கு வேறு எண், மின்னூலுக்கு இன்னொன்று. மாற்றமில்லாத மறு அச்சுக்குப் பழைய எண்ணே போதும்.

9. சொந்தப் பதிப்பும் மின்னூலும்

நூறு இருநூறு பிரதி என்றால் தேவைக்கேற்ப அச்சிடும் முறை. ஐந்நூறுக்கு மேல் என்றால் மொத்தமாக அச்சிடும் ஆஃப்செட், பிரதிக்கு விலை இறங்கும். மூன்று அச்சகத்தில் விலை கேளுங்கள். கேட்கும்போது அளவு, பக்கம், தாளின் எடை, அட்டைத் தாள், லேமினேஷன், பைண்டிங் வகை, எத்தனை பிரதி, லாரிக் கூலி யாருடையது என்று எல்லாம் சொல்லிக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். மொத்தமாக அச்சிடுமுன் ஒரு மாதிரிப் பிரதி கையில் வாங்கிப் பாருங்கள்.

மின்னூலுக்கு அமேசானின் கிண்டிலில் தமிழ் ஏற்கிறார்கள், பதிப்பிக்கக் கட்டணம் இல்லை. ராயல்டி 35 சதவீதம், 70 சதவீதம் என்று இரண்டு வகை. இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 வேண்டுமென்றால் அவர்களுடைய செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். இதழில் எழுதுபவர்கள் விழுகிற குழி இங்கேதான் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் அந்த எழுத்து மின்வடிவில் வேறெங்கும் இருக்கக்கூடாது. உங்கள் தொடர் இதழின் இணையதளத்தில் இன்னும் கிடைக்கிறது என்றால் விதி மீறியதாகும், நூலை எடுத்துவிடவும் கூடும். ஒன்று, இதழிடம் சொல்லி நீக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் 35 சதவீதத்தோடு போங்கள்.

10. பதிப்புரிமைப் பதிவு

கட்டாயம் இல்லை. எழுதிய கணமே உரிமை உங்களுடையது. ஆனால் திருட்டு வந்தால் சான்றிதழ் கைகொடுக்கும். பதிப்புரிமை அலுவலக இணையதளத்தில் படிவம் 14, இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்ததும் டைரி எண் வரும். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் பொறுப்பார்கள், பிறகுதான் ஆய்வு. சான்றிதழுக்கு மாதக்கணக்கில் ஆகும், அதுவரை நூலை நிறுத்திவைக்க வேண்டாம்.

11. நூல் வந்த பிறகு

1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை ஏசியாடிக் சொசைட்டி, டெல்லி பொது நூலகம். பதிப்பாளர் அனுப்பினாரா என்று கேளுங்கள். சொந்தப் பதிப்பு என்றால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. தபால் ரசீதை வைத்திருங்கள். என் நூலின் ஒரு பிரதி கன்னிமாராவில் இருக்கிறது என்பதை நினைத்தால் இன்றும் நிறைவாக இருக்கிறது.

ராயல்டியில் வருமான வரி பிடிப்பார்கள். ஓராண்டில் ஒருவரிடமிருந்து 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம், பான் எண் கொடுக்காவிட்டால் 20. அதனால் ஒப்பந்தத்தின்போதே பான் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, நூல் ராயல்டியில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. அதற்குப் பதிப்பாளரிடமிருந்து உரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும். இதழ்ச் சன்மானத்துக்கு இந்தக் கழிவு கிடையாது, இரண்டையும் தனித்தனியாகக் கணக்கு வையுங்கள்.

கணக்குத் தருவதாகச் சொன்ன மாதம் வந்ததும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எத்தனை அச்சானது, எத்தனை விற்றது, எத்தனை கையிருப்பு என்று மூன்றையும் கேளுங்கள். விற்றது மட்டும் சொன்னால் கூட்டிப் பார்க்க வழியில்லை. பதில் வராவிட்டால் பதினைந்து நாள் கழித்து மறுபடி. நான் ஏப்ரல் முதல் வாரத்தில் அனுப்புகிறேன், இப்போது மே மாதத்துக்குள் பணம் வந்துவிடுகிறது.